போர்த்தோக்காரரின் வம்பு

“ஏம்மா, இதுதான் உங்க லிஸ்பன் ஆறா? இவ்வளவு அகலம் எதுக்கு? எங்க போர்த்தோல இந்தக் கரையில நின்னே அந்தக் கரைக்காரனோட சண்டை போடலாம்.”

கடைசி நிமிடத்தில் வந்து கூட்டத்தோடு ஒட்டிக்கொண்ட தொப்பிக்காரர் இப்படிக் கேட்டதும் இடலீனா அவசரமாகக் குறிப்பைப் புரட்டினாள்.

சுற்றுலா வழிகாட்டி வேலைக்கு இன்று அவளுக்குக் கடைசிச் சோதனைச் சுற்று. பதினெட்டு வருடம் உழைத்த சலவைக்கடை மூடிவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? முதல் இரண்டு சுற்றிலும் ஆட்கள் பாதி வழியில் கழன்றுகொண்டார்கள். இன்றும் அப்படி நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேலாளர் ஒடெட் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நில்லாமல் பத்தடி பின்னாலேயே நடந்தும் வருகிறாள்.

மற்ற ஆறு பேரும் பிரேசில்காரர்கள். லிஸ்பன், கொயிம்ப்ரா, போர்த்தோ என்று ஒரே வாரத்தில் போர்ச்சுகலைப் பார்த்து முடிக்கும் அவசரம் அவர்களுக்கு. இடலீனா மனப்பாடம் செய்த சரித்திர வருடங்களை ஒப்பிக்க ஒப்பிக்க, இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் காப்பிக்கடைப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தார்.

தொப்பிக்காரர் விடவில்லை. “சாப்பாடாவது உருப்படியா உண்டா? லிஸ்பன்காரங்களைக் கீரை தின்னின்னுதானே நாடே சொல்லுது.”

இடலீனாவுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த குறிப்பை மடித்துப் பையில் போட்டாள்.

“நாங்க கீரை தின்னி, நீங்க குடல் தின்னி. கப்பல்ல போறவங்களுக்கு நல்ல கறியெல்லாம் குடுத்துட்டு வெறும் குடலைத் தின்னோம்னு அறுநூறு வருஷமா பெருமை பேசுறீங்களே, அந்தக் கப்பல்காரங்க ஏன் உங்க ஊருக்குத் திரும்பி வரலை தெரியுமா?”

“ஏனாம்?”

“மிச்சக் குடலை எடுத்து வச்சிருப்பீங்கன்னு பயந்துதான்.”

காப்பிக்கடைப் பக்கம் போனவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. அல்ஃபாமா மேட்டில் ஏறும்போது, எந்தச் சன்னலில் யார் வீட்டுத் துணி காய்கிறது, எந்த வீட்டம்மா விருந்தாளி வந்தால் மட்டும் போர்வை துவைப்பாள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

“எங்க ஊரு மேடு இதைவிடச் செங்குத்து,” என்றார் தொப்பிக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே.

“தெரியுதே. பாதிப் படிக்கே நாக்கு தள்ளுது.”

அவர் மூலைக்கு மூலை போர்த்தோ புராணம் பாட, அவள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிரேசில்காரர்கள் கட்சி பிரிந்து கைதட்டினார்கள். இரண்டு மணி நேரச் சுற்று மூன்று மணி நேரம் ஓடியது. ஒருவர்கூடக் கழன்றுகொள்ளவில்லை.

எல்லோரும் விடைபெற்றுப் போன பிறகு ஒடெட் அருகே வந்தாள்.

“திங்கக்கிழமைல இருந்து வந்துடுங்க இடலீனா. வேலை உங்களுக்குத்தான்.”

இடலீனா அப்பாடா என்று பக்கத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆமா, அந்தத் தொப்பிக்காரர் போர்த்தோல எந்தப் பக்கமாம்?” என்றாள் ஒடெட். “எங்க அம்மா ஊரு அது. இவர் பேச்சுல அந்த ஊரு வாடையே இல்லையே.”

“எப்படி மேடம் இருக்கும்? இனிமேதான் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாச்சு, எங்க வீட்டுக்காரர் இன்னும் லிஸ்பனைத் தாண்டினதே இல்லை.”