பாலிஷரில் ஒரு வெள்ளைக் கோடு

“சத்தமாச் சொல்லுங்க தம்பி! எனக்குக் காது கொஞ்சம் மந்தம்!”

கடைக்குள் நுழைந்ததும் அந்த அம்மா போட்ட சத்தத்தில், விற்பனையாளர் கையிலிருந்த டேப் ரோல் நழுவிக் கீழே உருண்டது.

கார் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறாராம். பழைய மெஷின் போன மாதம் ஒரு கார் கதவின் ஓரத்தில் பெயின்ட்டைச் சுட்டுவிட்டதாம். நல்லதாக ஒரு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வேண்டுமாம். கூடவே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர்.

“இவர்தான் எங்க மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமா எங்ககிட்டதான். இவர் தேய்ச்ச காரைப் பார்த்துத் தலை வாரிக்கலாம். அதனால பட்டறையில கண்ணாடி மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம்!”

மாஸ்டர் கூச்சத்தோடு தரையைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்போ நீங்களே சொல்லுங்க சார், எந்த மாதிரி மெஷின்...” விற்பனையாளர் அவர் பக்கம் திரும்பினார்.

அந்த அம்மா சட்டென்று குறுக்கே வந்து நின்றார். “என்கிட்ட கேளுங்க! என்னைப் பார்த்துச் சத்தமாக் கேளுங்க!”

‘சரிதான். உழைக்கிற மனுஷன் வாயைத் திறக்கக்கூட வழியில்லை போல’ என்று நினைத்துக்கொண்டார் விற்பனையாளர். மூன்று மெஷின்களை எடுத்து மேஜையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கத்த ஆரம்பித்தார்.

“இது எவ்வளவு அழுத்தினாலும் நிக்காது மேடம்! சுத்திக்கிட்டே இருக்கும். வேலை மளமளன்னு முடியும்!”

“நிக்காதுன்னா இதுவும் பெயின்ட்டைச் சுட்டுடும். வேண்டாம்!”

“இதுல தேய்க்கிற பஞ்சு பேட் இருபத்தொரு மில்லிமீட்டர் ஆடும். பெரிய பானெட்டைக்கூட நிமிஷத்துல முடிச்சிடலாம்!”

“பானெட் சரி. பம்பர் வளைவுல திணறுமே! அடுத்தது?”

“இது பதினஞ்சு மில்லி. பேட் சுத்தவும் செய்யும், ஆடவும் செய்யும். அதிகமா அழுத்தினா சுத்துறது நின்னு, வெறுமனே ஆடும். பெயின்ட்டுக்கு ஆபத்தில்லை. ஆனா நின்னதைக் கவனிக்கலைன்னா, நாள் பூரா தேய்ச்சாலும் கீறல் போகாது. தொழிலுக்குப் புதுசா வர்றவங்கதான் இதை அதிகமா வாங்குவாங்க!”

“இதான் வேணும்!”

மாஸ்டரின் முகம் சுருங்கிப்போனது.

அதோடும் விடவில்லை அந்த அம்மா. கைப்பையிலிருந்து வெள்ளை மார்க்கரை எடுத்து, பேட் ஒட்டியிருந்த கறுப்புத் தட்டின் விளிம்பில் பளிச்சென்று ஒரு கோடு இழுத்தார்.

“ஓட்டிப் பாருங்க மாஸ்டர்! கோடு சுத்தினா பேட் சுத்துது. கோடு நின்னா பேட் நின்னுடுச்சு!”

விற்பனையாளருக்குப் பொறுக்கவில்லை. “மேடம், கோடெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு! சார் மாதிரி அனுபவசாலிங்க மோட்டார் சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிடுவாங்க!”

“அவர் கண்டுபிடிப்பார் தம்பி. எனக்குத்தான் கேட்காதே! நான் என் மேஜையில உட்கார்ந்தபடியே பார்க்கணும்ல?”

‘ஓகோ, வேவு பார்க்கவா!’ விற்பனையாளருக்கு எரிச்சலாக வந்தது.

மூலையில் சோதனைக்காக ஒரு கறுப்பு பானெட் கிடந்தது. உடம்பெல்லாம் சிலந்தி வலை மாதிரி கீறல். மாஸ்டர் நான்கு பொட்டு பாலிஷ் காம்பவுண்ட் வைத்து மெஷினை இறக்கினார்.

வளைவில் ஏறியதும் கோடு நின்றது. மாஸ்டரின் கண் அதைப் பிடித்தது. மணிக்கட்டை இம்மி தளர்த்தினார். கோடு சுழன்றது. மெஷின் கொஞ்சம் சாய்ந்தது, கோடு நின்றது, தளர்த்தினார், சுழன்றது. பிறகு அது நிற்கவேயில்லை. முரட்டு மெஷின் அவர் கைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி அடங்கிப்போயிற்று.

துணியால் ஒரு துடைப்பு. கூரையிலிருந்த டியூப் லைட் பானெட்டுக்குள் கோணாமல் நேராக நின்றது. தன் சட்டையில் ஒரு பட்டன் போடாமல் இருப்பதை விற்பனையாளர் அதில்தான் பார்த்தார்.

“சார்... கம்பெனிக்காரங்க வந்து டெமோ காட்டினப்பகூட இப்படி வரலை.”

மாஸ்டர் நிமிரவில்லை. பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர்! தம்பி உங்க கையைப் பாராட்டுறார்!” அந்த அம்மா கத்தினார்.

மாஸ்டர் நிமிர்ந்தார். முகத்திலிருந்த சுருக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெள்ளைக் கோட்டை விரலால் தடவியபடி, “இதுவே இருக்கட்டும்மா. தோதா இருக்கு” என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வண்டிக்குப் போக, அந்த அம்மா கல்லாவில் குனிந்து உத்தரவாதச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாலடி பின்னால் நின்ற விற்பனையாளர், பக்கத்திலிருந்த சகாவின் காதோரம் கிசுகிசுத்தார்.

“பாவம்டா அந்த மனுஷன். தங்கமான கை. இந்தம்மாகிட்ட வந்து மாட்டிக்கிட்டாரே!”

“பாவம்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. அவருக்கு அது பிடிக்காது.”

அந்த அம்மா திரும்பாமலே, அதே கிசுகிசுப்பில் சொன்னார்.

விற்பனையாளர் மெல்லக் கல்லாவருகே நகர்ந்தார்.

“அன்னிக்கு பெயின்ட்டைச் சுட்டது மெஷின் இல்லை தம்பி. மோட்டார் சத்தம் மாறினது அவருக்குக் கேட்கலை. அதை யார்கிட்டயும் சொல்லாம, ‘வயசாயிடுச்சும்மா, நான் வேலையிலேருந்து நின்னுக்கிறேன்’னு வந்து நின்னார். மறுநாள் காலையிலேருந்து எனக்குக் காது மந்தம். இப்போ பட்டறையில எல்லாருமே சத்தமாத்தான் பேசுறாங்க... என் காதுக்காக.”

வாசலில் மாஸ்டரின் தலை தெரிந்தது. அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன தம்பி வாய்க்குள்ளேயே முனகுறீங்க? சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் கேட்கலை!”