எண்ணூறுக்காரர்

“இந்த வீட்டுல ஒண்ணு உன் தம்பி இருக்கணும், இல்ல என் ஸ்கோர் இருக்கணும். முடிவு பண்ணு!”

மெத்தைக் கடைக்காரர் போனை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். எண்ணூற்றுப் பதினொன்றாக இருந்த கிரெடிட் ஸ்கோர் காலையில் எழுநூற்றுத் தொண்ணூற்றேழு ஆகியிருந்தது.

“பதினாலு மார்க் போச்சு! நான் யார்கிட்டயாவது கடன் கேட்டேனா? எல்லாம் அவன்கிட்டேருந்து ஒட்டிக்கிட்டது.”

“ஸ்கோர் என்ன சளியா, இருமலா, ஒட்டிக்க?”

“ஒரே வீடு, ஒரே வைஃபை. ஒட்டாதா?”

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாங்கிய கடனை ஒருவர் எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறார் என்று மார்க் போட்டு, அது ஏறினாலும் இறங்கினாலும் உடனே போனுக்கு அலர்ட் அனுப்பும் சேவை ஒன்று இருக்கிறதாம். கடைக்கு வந்த யாரோ சொல்ல, தன்னை அதில் சேர்த்துவிடும்படி அவர் மச்சினனிடம் சொன்னார். அன்று பிடித்தது சனி.

போனில் எக்காளச் சத்தம் கேட்டால் வீடே மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். அந்த எண்ணைத் தவிர வேறு ஒரு எழுத்தை அவர் படித்ததில்லை. இரண்டு மார்க் ஏறினால், தலையணை உறை கேட்டு வந்தவர்களிடம்கூடப் போனைக் காட்டுவார். மூன்று இறங்கினால், விற்பனைக்கு வைத்த மெத்தையிலேயே ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். வந்தவர்கள் அவரைச் சுற்றி நின்று மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பேங்க்கிலிருந்து கூப்பிட்டால், “எண்ணூறுக்காரன்கிட்டயே ஏமாத்து வேலையா?” என்று போனை வைத்துவிடுவார்.

மாடி அறையில் விடிய விடிய வீடியோக்களை வெட்டி ஒட்டிவிட்டு மதியம் எழுந்திருக்கும் மச்சினனுக்கு ‘மைனஸ்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். “பன்னெண்டு மணிக்குப் பல்லு விளக்கறவனுக்கு என்ன மார்க் இருக்கப்போகுது?” போன மாதத்திலிருந்து அவன் நாற்காலியைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து தள்ளி, வாசற்கதவோரம் போடச் சொல்லியிருந்தார். அவனுக்கு உப்பு வேண்டுமென்றால் ஒருவர் எழுந்து நடக்க வேண்டும்.

அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு தம்பி. அவன் போய்விட்டால், கூடப்பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள இந்த வீட்டில் அவளுக்கு யாரும் இல்லை.

அவன் பையோடு இறங்கி வந்தான். “நான் கெளம்பறேன்க்கா. அடுத்த அலர்ட் வந்தா மாமாவை முதல்ல உக்கார வெச்சிட்டு அப்புறம் படிக்கச் சொல்லு.”

“நக்கலைப் பாத்தியா மைனஸுக்கு!” என்றார் அவர்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. அந்தக் கம்பெனியையே கேட்டுடறேன்.” அவள் அவர் போனைப் பிடுங்கி, கம்பெனி எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம். பாதுகாப்புக்காக உங்க பிறந்த தேதி சொல்லுங்க சார்,” என்றது ஒரு பெண் குரல்.

அவர் சொன்னார்.

“பொருந்தலையே சார்.”

“ஓ, இது எங்கம்மா சொன்னது. பள்ளிக்கூடத்துல குடுத்தது வேற.” அதையும் சொன்னார்.

“அதுவும் இல்லை சார்.”

“ஏம்மா, நான் இன்னும் எத்தனை தடவை பொறக்கணும்?”

“அக்கா, போனை வெச்சிடேன்,” என்றான் தம்பி, தணிந்த குரலில்.

அவள் அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்கும்போது அவனுக்கு இருந்த அதே முகம். போனை வாயருகே கொண்டுபோய், அவன் பிறந்த தேதியை மெதுவாகச் சொன்னாள்.

“நன்றி மேடம், பொருந்துது. போன வாரம் ஒரு கடனுக்கு விண்ணப்பம் போயிருக்கு, அதனாலதான் ஸ்கோர் இறங்கியிருக்கு. எங்க அலர்ட் இதுவரைக்கும் தப்பா வந்ததே இல்லை மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

யாருக்கும் வேறு உதவி வேண்டியிருக்கவில்லை.

“அப்ப அந்த எண்ணூறு…” என்றார் மெத்தைக் கடைக்காரர்.

“என்னோடது மாமா.”

“என்னோடது எங்கடா?”

தம்பி தயங்கித் தயங்கிப் போனில் எதையோ தட்டி அவர் கையில் கொடுத்தான். நானூற்று அறுபத்து மூன்று.

அவர் அதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

“வைஃபையை அணைச்சிடட்டுமா? எங்களுக்கு ஒட்டிக்கப்போகுது,” என்றாள் மனைவி.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “பாவி! என் போன்ல உன் பேரைப் போட்டு, இத்தனை நாளா என்னைக் கோமாளியாக்கிட்டியே!”

“முதல்ல உங்க பேரைத்தான் போட்டேன் மாமா. வந்த மார்க்கை உங்க மூஞ்சிக்கு நேரா படிக்க வாய் வரல. நீங்க வேற ஆசையா பாத்துக்கிட்டு நின்னீங்க.”

“பெரிய யோக்கியன்! அப்ப போன வாரம் நீ எதுக்குடா கடன் கேட்டே?”

தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவரைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்துச் சொன்னான்.

“பேங்க்லேருந்து கடை போனுக்குக் கூப்பிட்டாங்கக்கா, நான் எடுத்தேன். கடைக்கு வாங்கின கடன்ல தவணை நின்னுபோய் ரொம்ப நாளாச்சாம். அந்தக் கடனை வாங்கித்தான் எல்லாத்தையும் கட்டினேன். இன்னும் கொஞ்ச காலம் நீ போன் பண்ணாம இருந்திருந்தா, மாமா ஊரெல்லாம் எண்ணூறுன்னு சொன்னது நிஜமாவே ஆகியிருக்கும்.”