நேர் குத்து

சவப்பெட்டிக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார் செத்தவரின் தம்பி.

"மொதல்ல வாயால சொல்லு. அப்புறம் தொடு."

மாசிலாமணி நின்றார். கையில் வெள்ளைக் கட்டுத்துணி, சுருள் பிரியாமல். பெரம்பூரிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்த கசங்கல் வேட்டியில் தெரிந்தது.

பெட்டிக்குள் அண்ணன் சவரிமுத்து. வலது கண் மூடியிருந்தது. இடது கண் இருந்த இடத்தில் பழைய குழி.

ரயில்வே பட்டறைக் குத்துச்சண்டைக்காரர்கள் விடாத வழக்கம் ஒன்று உண்டு. மேடை ஏறியவன் செத்தால், கடைசியாக அவனை வீழ்த்தியவன் வந்து அவன் கைகளுக்குக் கட்டுப் போட வேண்டும். நேர்மையாக ஜெயித்தவன் மட்டும்தான் தொடலாம். கட்டி முடித்துவிட்டால் அந்தத் தோல்வி சுத்தமான தோல்வி. அதற்குமேல் ஒருவனும் வாய் திறக்கக் கூடாது.

சவரிமுத்துவின் வீடு அரை ஆயுளாக வேறு சொல்லி வந்தது.

சவரிமுத்து தோற்கவில்லை. பெரம்பூர்க்காரன் கட்டை விரலால் கண்ணைத் தோண்டினான்.

அந்தச் சொல்லை முன்னால் நிறுத்தித்தான் தம்பி பொன்மலைத் தெருக்களில் நெஞ்சு நிமிர்த்தி நடந்தார். அதைச் சொல்லித்தான் அண்ணன் பெண்களைக் கட்டிக்கொடுத்தார்.

வாசல் பந்தலில் பழைய ஆட்கள் காலையிலிருந்தே அந்தச் சண்டையை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணாவது ரவுண்டுலயே சவரி இவன் மூக்க ஒடச்சிட்டான்டா. ரத்தம் முன்வரிசைக்காரன் சட்டை வரைக்கும் தெறிச்சுது."

"அது என் சட்டைடா. எங்கம்மா கல்லுல அடிச்சு அடிச்சுப் பாத்தும் கறை போகல."

"நீ முன்வரிசையா? ஓசில மதில் மேல குந்தியிருந்த பய!"

சிரித்தார்கள்.

"ஆறாவது ரவுண்டுலதான்..." என்று யாரோ ஆரம்பித்தார்.

யாரும் முடிக்கவில்லை.

தம்பிக்கு முடிக்கத் தெரியும். அன்று அண்ணனின் மூலையில் வாளி பிடித்து நின்றவர் அவர்தான். அண்ணன் திசை தெரியாமல் எதிராளியின் மூலைக்கு நடந்தான். முகத்தைப் பொத்திய கையுறையின் அடியிலிருந்து ரத்தம் முழங்கை வரை இறங்கியது. இழுத்து வந்து உட்காரவைத்துக் கையை விலக்கினார். பார்த்தார். வாளித் தண்ணீரில் அன்று ஊறிய சிவப்பு இன்றும் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"சொல்லு மாசிலாமணி. கட்டை விரல்தானே?"

"நேர் குத்து, தம்பி. எம் புள்ளைங்க மேல ஆணை. நேர் குத்துதான்."

தம்பி அடித்தார்.

தோளுக்கு இன்னும் வழி தெரிந்திருந்தது. உதடு கிழிந்தது. பல்செட் சிமெண்டுத் தரையில் விழுந்து சுவரோரம் ஓடியது. பெண்கள் அலறினார்கள்.

மாசிலாமணி கையைத் தூக்கவில்லை.

இரண்டாவது விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்தது; அடித்த கைக்கே கேட்டது.

மூன்றாவதைக் கண்ணுக்குக் குறிவைத்தார்.

அப்போது மாசிலாமணியின் உடம்பு அவரைக் கேட்காமல் வேலை செய்தது. தலை விலகியது. கட்டுத்துணி நழுவியது. வலது கை கீழிருந்து எழுந்து, இறுகி, தம்பியின் இடது கண்ணுக்கு ஒரு மயிரிழை முன்னால் வந்து நின்றது.



இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

நான்கு விரல்கள் மடங்கியிருந்தன. கட்டை விரல் மடங்கவில்லை. அடித்த ஆணிபோல் நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

பட்டறையில் சேர்ந்த புதிதில் சம்மட்டி விழுந்த விரல். மூட்டு செத்துப்போனது பெரம்பூருக்கே தெரியும். ஒவ்வொரு சண்டைக்கும் அதை மடக்கி, துணியால் இறுக்கிக் கட்டித்தான் கையுறை மாட்டுவார். ஆறு சுற்று வியர்வையில் அந்தக் கட்டு நெகிழுமா என்று யாரும் யோசித்ததில்லை.

மாசிலாமணியும் யோசித்ததில்லை. அது இப்போது அவர் முகத்தில் தெரிந்தது.

மடக்கப் பார்த்தார். வரவில்லை. மறுபடி பார்த்தார்.

பிறகு அந்தக் கையை மறைக்காமல் பந்தல் பக்கம் திருப்பினார். மோவாயிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

"எல்லாரும் பாத்துக்கங்க."

பல் இல்லாத வாயில் அது காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் கடைசி நாற்காலி வரை கேட்டது.

விலாவைப் பிடித்தபடி குனிந்து துணியை எடுத்தார். தூசி தட்டினார். அதைத் தம்பியின் கையில் வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து விலகிச் சுவரோரம் போய் நின்றார்.

வீடு ஜெயித்துவிட்டது.

தம்பி இந்த நாளுக்கென்று எத்தனையோ வார்த்தைகள் சேர்த்துவைத்திருந்தார்.  முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது.

அண்ணன் விரல்களில் சுற்றியிருந்த ஜெபமாலையைக் கழற்றினார். துணியைப் பிரித்தார். மணிக்கட்டில் சுற்று. உள்ளங்கை. விரலிடுக்குகள். முட்டிகளின் மேல் இரட்டைச் சுற்று. விறைத்த கை ஒத்துழைக்கவில்லை. நுனியைப் பல்லால் கிழித்து இரண்டாக்கி முடிச்சிட்டார்.

நழுவியது.

மறுபடி இட்டார். மறுபடி நழுவியது.

"யாராவது முடிச்சு மேல ஒரு விரல் வைங்க," என்றார், தலை நிமிராமல்.

அண்ணனின் மூத்த மருமகன் அவசரமாக முன்னால் வந்து குனிந்தான்.

"நீங்க இல்ல மாப்ள," என்றார், சுவரோரம் நின்ற மாசிலாமணியைப் பார்த்தபடி.