கூட வந்த சத்தம்

“இது வெளிக்காயம் இல்ல மாரிட், உள்நோய்!” வேனுக்கு அடியிலிருந்து ஹால்வரின் குரல் வந்தது. “எஞ்சினோட நெஞ்சுக்குள்ள கடகடங்குது.”

மகள் மாரிட் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றாள். மறுநாள் அவள் தங்கள் ஊர் மைனாட்டிலிருந்து ஸ்போக்கேனுக்கு ஆயிரம் மைல் போக வேண்டும். அங்கே அவள் அண்ணன் ஆர்னிக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது.

நீளத் திருப்புளியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து ஹால்வர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். நாற்பது வருஷம் டிராக்டர்களின் வயிற்றுவலியைக் கேட்ட காது அது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. சைலன்சர் மேலுள்ள தகரத்தில் ஒரு போல்ட்டைக் காணோம், அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலை. சுற்றிலும் துரு, ஓட்டையில் மட்டும் எண்ணெய் ஈரம். இருந்த சந்தோஷத்தில் அவர் அதை யோசிக்கவில்லை.

ஆமாம், சந்தோஷம்தான். “நீயா வந்து கூப்பிடாம உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று ஆறு வருஷத்துக்கு முன் மகனிடம் சபதம் போட்டவர். சபதத்தையும் விட முடியவில்லை, பேத்தியைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பாவம்.

“அப்போ பயணத்த விட்டுடவா?”

“ஐயையோ, வேணாம்! வண்டி ஓடும். ஆனா சத்தம் மாறுதான்னு வழி பூரா கேட்டுக்கிட்டே போகணும். அதுக்குக் காது உள்ள ஆளு வேணும்.”

“எனக்குக் காது இல்லையா?”

“உனக்கு இருக்கறது கம்மல் மாட்ட.”

“இப்ப ஆளுக்கு நான் எங்க போவேன்?”

ஹால்வர் வெளியே ஊர்ந்து வந்து வானத்தைப் பார்த்தார். “பனி உருகற வரைக்கும் ஊர் டிராக்டரெல்லாம் தூங்கும். எனக்கென்ன வேலை? வேனுக்காக வரேன். அவன் வீட்டுக்குள்ள வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“உங்க இஷ்டம்” என்று மாரிட் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் நானூறு மைலும் கடகடதான். ரேடியோவும் கேட்கவில்லை, பேச்சும் கேட்கவில்லை. மொன்டானாவில் ஹேவர் வந்தபோது ஹால்வருக்கே மண்டை பிளந்தது. இவ்வளவு தூரம் வந்த பிறகு மகள் தன்னைத் திருப்பி அனுப்பப் போவதில்லை.

“நிறுத்தும்மா. சத்தம் மாறற மாதிரி இருக்கு.”

பெட்ரோல் பங்கில் காபி குடித்து, சூடு ஆறிய பிறகு அடியில் நுழைந்தார். சட்டைப் பையில் கிடந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை.

அப்போது மகளின் கை ஒன்று வேனுக்கு அடியில் நீண்டது.

“இந்தாங்கப்பா, நான் கழட்டின போல்ட்டு.”