எதிர்வீட்டு விசாரணை

“இன்னாமா லில்லி, இன்னும் உன்னை இந்தியாக்காரி ஆக்கலியா?”

எதிர்வீட்டுத் தையல்நாயகி கேட்டது தெருமுனைப் பிள்ளையார் காது வரைக்கும் போயிருக்கும். வாசல் தெளித்துக்கொண்டிருந்த லில்லிக்குச் சுருக்கென்றது.

“இல்லக்கா. வந்துடும்.”

“வந்துடும் வந்துடும்னு சொல்லிக்கினே இருக்கிற. எந்த மேசையில தூங்குதுன்னு பார்த்தியா?”

“கம்ப்யூட்டர்ல பார்த்தேன்க்கா. பரிசீலனையில இருக்குதுன்னு காட்டுது.”

“போன ஆடியிலயும் அதைத்தானே காட்டிச்சு!”

குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். லில்லி வாளியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

லில்லி மலேசியாவில் பிறந்தவள். அங்கே ஜவுளிக்கடை வேலைக்கு வந்த குமாரவேலைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, காஞ்சிபுரத்துக்கு வாழ வந்தாள். இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப் போடவே ஏழு வருஷம் இங்கே குடியிருக்க வேண்டும் என்றார்கள். இருந்தாள். மனுப் போட்டாள். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. மனு மட்டும் போன இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அதுவரைக்கும் விசாவை நீட்டி நீட்டித்தான் புருஷன் பிள்ளையோடு குடித்தனம்.

தையல்நாயகிக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. வந்த புதிதில், நெசவுக்காகத் தெரு நீளத்துக்கு விரித்திருந்த பட்டு நூல் பாவைச் சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, லில்லி ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டாள். தறிக்குப் போகிற இழையைக் காலால் தாண்டலாமா? அதுவும் தையல்நாயகி வீட்டுப் பாவை! அன்றைக்குப் பிடித்த சண்டை, இன்னும் விட்டபாடில்லை.

பக்கத்து வீட்டு அம்சா அப்படியில்லை. வாயைத் திறந்தால் தேன்தான். “நீ ஏன் கண்ணு கலங்குற? ஒண்ணுன்னா நான் இல்ல?” என்பாள்.

அந்த ஒண்ணு, அன்று பதினோரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது. குடியுரிமை விசாரணைக்கு வந்த ஏட்டு.

“நீங்க தொடர்ந்து இங்கயே குடியிருக்கீங்கன்னு அக்கம்பக்கத்துல ஒருத்தர் சொல்லிக் கையெழுத்துப் போடணும்மா. ஏதாவது ஏடாகூடமா சொல்லிட்டாங்கன்னா, மறுபடியும் மொதல்லேர்ந்துதான்.”

லில்லி அம்சா வீட்டுக்கு ஓடினாள்.

“ஐயய்யோ, போலீஸ் சமாச்சாரமா? எங்க வீட்டுக்காரரைக் கேக்காம நான் கையெழுத்தெல்லாம் போட மாட்டேன் கண்ணு.”

“ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா.”

“அந்தப் போலீஸ்காரரை அடுத்த மாசம் வரச் சொல்லேன்!”

தேன் வழிந்த அந்த வீட்டுக் கதவு பட்டென்று சாத்திக்கொண்டது.

லில்லி திரும்பிப் பார்த்தால், ஏட்டு எதிர்வீட்டு வாசலில் நிற்கிறார். போயும் போயும் அங்கேயா?

“இவங்களை உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியுமாவா? இவளால நான் படாத பாடு இல்ல. எழுதிக்கோ சார்!” தையல்நாயகி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். “வந்த மொத வாரமே என் பாவைத் தாண்டினா. எம் பொண்ணு கல்யாணப் புடவைக்கு வச்சிருந்த பாவு. அந்தப் பொண்ணோட புள்ள இப்ப மூணாங்கிளாஸ் படிக்குது. கணக்குப் போட்டுக்கோ.”

ஏட்டு எழுதிக்கொண்டார்.

“வெடிகாலையில பாவு விரிக்கிறப்ப, குறுக்கால இவ ஸ்கூட்டிதான் நின்னுக்கினு இருக்கும். எடும்மான்னா, ‘இதோக்கா’ம்பா. அந்த ‘இதோ’ முடியறதுக்குள்ள வெயில் ஏறிடும். தெனம் தெனம் இதே ரோதனை சார்!”

“வெளிநாடு கிளிநாடு போய்ட்டு வர்றாங்களா?”

“எங்க போறா? பொங்கல் தீபாவளிக்காச்சும் ஊருக்குப் போய்த் தொலைஞ்சா, ரெண்டு நாள் நிம்மதியா வேலை பார்ப்பேன். வருசம் பூரா என் கண்ணு முன்னாலயேதான் நிக்கிறா!”

லில்லிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷத்தை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டாளே, புண்ணியவதி!

“இப்ப சொன்னதுக்கெல்லாம் கையெழுத்துப் போடுவீங்களாம்மா?”

“சொல்றவளுக்குப் போடத் தெரியாதா? குடு இங்க.”

தையல்நாயகி எழுத்துக் கூட்டி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தறியில் வேலை கிடக்கிறது என்று, லில்லியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஏட்டு தெருவைக் கடந்து வந்தார்.

“ஏம்மா அழறீங்க?”

“எல்லாம் போச்சே சார். இப்படித் திட்டித் தீர்த்துட்டாங்களே.”

“திட்டட்டும்மா. நீங்க ஒரு நாள் விடாம இங்கயேதான் இருக்கீங்கன்னு இதுக்கு மேல யாரால அடிச்சு சொல்ல முடியும்? இன்னிக்கே ரிப்போர்ட் மேல போயிடும்.”

லில்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நம்பவும் முடியவில்லை, சிரிக்கவும் வரவில்லை.

“ரெண்டு வருஷமா யாருமே வரல. இன்னிக்கு மட்டும் எப்படி சார் திடீர்னு வந்தீங்க?”

ஏட்டு எதிர்வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமையானா, அம்மன் கோயிலுக்குப் போற வழியில அந்தம்மா நேரா எங்க ஆபீசுக்கு வந்துடும். ‘எங்க தெருப் பொண்ணு எத்தினி நாளுய்யா காத்துக் கெடக்கும்?’னு ஒரே சண்டை. நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சேன்னு பயந்துதாம்மா இன்னிக்கே ஓடி வந்தேன்!”