மந்தத்துக்கு ஒரு விசாரணை

விசாரணை டைப்பிஸ்ட் அக்காவின் அறையிலேயே நடந்தது.

மேனேஜர் அறையில் சோபாவுக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் விசாரணைக் குழு, அதாவது மேனேஜரும் அவர் வாயைத் திறந்தாலே தலையாட்டும் இரண்டு பேரும், நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள்.

மூன்று மாதமாக அக்கா அடிக்கும் கடிதங்களில் பெயர்கள் இடம் மாறுகின்றன. போன வாரம் ஓய்வு பெற்றவருக்கு இரங்கல் கடிதம் போய்ச் சேர்ந்தது. மனிதர் நேரில் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்.

பதினெட்டு வருஷம் ஒரு புள்ளிகூடத் தவறாத கை அது. அவள் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே கையும் அதுதான்.

"தலைக்குள்ள பஞ்சை அடைச்ச மாதிரி இருக்கு சார்," என்றாள்.

மேனேஜருக்குத் தெரியாத காரணமா? விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். தூக்கம் போதாது. தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வெறும் வயிற்றோடு ஓடிவருவது. சளி மாத்திரை. எந்நேரமும் செல்போன். ஒரு கை தீர்ந்ததும் அடுத்த கைக்குப் போனார். ரத்தசோகை, தைராய்டு, வீட்டுக் கவலை.

ஏ.சி. குளிர் வீணாகிறது என்று மூன்று மாதத்துக்கு முன் இந்த அறையின் ஒரே ஜன்னலுக்கு ஆணி அடிக்கச் சொன்ன புண்ணியவானும் அவரேதான். அது மட்டும் எந்த விரலிலும் வரவில்லை.

அரை மணியில் தலையாட்டி ஒருவர் கொட்டாவி விட்டார். அது இன்னொருவருக்கும் தொற்றியது. முக்கால் மணியில் மேனேஜர் தைராய்டை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

ஒருவழியாக முடிவுக்கு வந்தார்கள். இன்றோடு பணிநீக்கம்.

அந்த ஆபீஸில் எந்தக் கடிதமானாலும் அக்காதான் அடிக்க வேண்டும். வேறு ஒருவருக்கும் அந்த வேலை தெரியாது. ஆகவே தன் சீட்டைத் தானே கிழித்துக்கொள்ளும் பாக்கியமும் அவளுக்கே வாய்த்தது.

கண்ணில் நீர் முட்ட முட்ட அடித்து முடித்தாள்.

மூவரும் படித்துப் பார்த்தார்கள். அதாவது, காகிதத்தின் மேல் கண்ணை வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். சீலும் வைத்தாயிற்று.

"போற வழியில தலைமை ஆபீஸுக்குத் தபால்ல போட்டுடுங்கம்மா," என்றார் மேனேஜர், பாதிக் கொட்டாவியில்.

தெருவில் இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது. நின்று, நன்றாக மூச்சை இழுத்து விட்டாள். தபால்பெட்டி வரை நடப்பதற்குள் தலை கழுவித் துடைத்தாற்போல் தெளிந்துவிட்டது. மூன்று மாதம் தன்னைத்தானே திட்டித் தீர்த்ததை நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பதினெட்டு வருஷப் பழக்கம் எங்கே போகும்? உறையை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்தாள்.

பணிநீக்கம் செய்யப்படுபவர் என்ற இடத்தில் மேனேஜரின் பெயர் இருந்தது.

கீழே மூன்று கையெழுத்துகள். முதலாவது அவருடையது.

ஓடிப்போய்த் திருத்திக்கொண்டு வந்துவிடலாம். கால்கூட ஓர் அடி திரும்பிவிட்டது.

பிழை திருத்துவது அவள் வேலைதான். அந்த வேலையிலிருந்துதான் இப்போது நீக்கிவிட்டார்களே.

உறையை ஒட்டிப் பெட்டிக்குள் போட்டாள்.