வெளிநாட்டில் படிப்பு

வீடியோ காலில் மகன் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்ததும் அம்மா பதறினாள்.

"இங்கே குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்த மாட்டியேடா!"

"வெளிநாட்டுல மேல்படிப்புன்னா சும்மாவாம்மா? சமைக்கணும், துணி துவைக்கணும். நாளைக்குக் கட்டுரை வேற கொடுத்தாகணும்."

"துரும்பா இளைச்சுட்டே. பேசாம கிளம்பி வந்துடு."

"நான் வந்துட்டா படிப்பு என்னாகிறது?"

"படிப்பு கிடக்கட்டும்!"

அப்போது உள்ளறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, காபி ஆச்சா? என் கட்டுரையில இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி. புரொபசர் கிழிச்சுடுவார்."

"இதோ ஆச்சு!" என்று மகன் அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தான்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"படிக்கப் போனவ அவ. துணைக்குப் போன நீ தேயறே. நீதான் படிக்கிறேன்னு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் பீத்தி வச்சிருக்கேன்டா!"

"பொய்யில்லைம்மா. சமையல், முதலாம் ஆண்டு."